அத்தியாயம் 5: பயனர் ஆய்வு – பார்த்துக் கேட்டுப் பொருளைத் திருத்துதல்

ஒரு பொருளை வாங்கியவர் அதை வீட்டில் எங்கே வைக்கிறார், எந்தக் கையால் தூக்குகிறார், எங்கே தடுமாறுகிறார், அந்தத் தடுமாற்றத்தைச் சமாளிக்க என்ன குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார் என்பதை நேரில் அறிந்து, அதைக் கொண்டு வடிவமைப்பைத் திருத்துவதே பயனர் ஆய்வு. யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது சந்தை ஆய்வின் கவலை. வாங்கிய பிறகு நடப்பதுதான் இங்கே முக்கியம்.

இந்த அத்தியாயம் ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போகிறது. கோவையில் ஒரு சிறு தொழிற்கூடம், தான் செய்யும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரைத் திருத்த நினைக்கிறது என்று கொள்ளலாம். மொபைல் செயலியானாலும் தண்ணீர் வடிகட்டியானாலும் வேலையின் வரிசை இதுவேதான்.

கேட்டால் போதாதா, எதற்குப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஆக்ஸோ நிறுவனத்து அளவுக்கோப்பை நல்ல பதில். சமையலறை அளவுக்கோப்பையில் என்ன குறை என்று கேட்டபோது, கீழே விழுந்தால் உடைகிறது, கை வழுக்குகிறது, பிடி சுடுகிறது என்றுதான் சொன்னார்கள். அதே ஆட்கள் அளந்து ஊற்றும்போது, கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குனிந்து கோட்டைப் பார்த்தார்கள், நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி குனிந்தார்கள். அது ஒரு குறையென்று யாருக்கும் தோன்றவில்லை. மேலிருந்தே பார்க்கும்படி உள்ளே சாய்வாக அளவு பொறித்த கோப்பை விற்பனைக்கு வந்தது இதற்குத் தீர்வாகத்தான். பழகிப்போன தொந்தரவு வாய்க்கு வருவதில்லை.

தொடங்கும் முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

1. நிலுவையில் உள்ள முடிவு எது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளுதல்" என்பது முடிவு அல்ல. "புதிய அச்சுக்குப் பணம் கொடுக்கும் முன், டிரம்மின் எடையைக் குறைப்பதா, கல்லைப் பூட்டும் அமைப்பை மாற்றுவதா?" என்பதுதான் முடிவு.

2. ஏற்கெனவே தெரிந்ததைத் திரட்ட வேண்டும். சர்வீஸ் புத்தகம், டீலர்கள் போனில் சொன்ன புகார்கள், உதிரி பாகங்களின் விற்பனைக் கணக்கு ஆகிய மூன்றும் செலவில்லாத ஆய்வு. பெல்ட் அதிகமாக விற்றால் அது ஒரு தடயம். மாவு வழிக்கும் ஸ்கிரேப்பர் அதிகமாக விற்றால் அது வேறொரு தடயம்.

3. தெரியாததை மட்டும் கேள்விகளாக எழுத வேண்டும். ஐந்தாறுக்கு மேல் போனால் ஆய்வு சிதறும்.

4. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, "இப்படித் தெரிந்தால் இதைச் செய்வோம்" என்று எழுத வேண்டும். என்ன பதில் வந்தாலும் செய்யப்போவது ஒன்றேயானால், அந்தக் கேள்வியை அடித்துவிடலாம்.

நான்காவது படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். முதலாளி மனதில் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குச் சாட்சி தேடும் ஆய்வுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

யாரைப் பார்ப்பது, எத்தனை பேரை

பயன்படுத்தும் விதம் எதனால் மாறுகிறதோ அதை வைத்து ஆட்களைப் பிரிக்க வேண்டும். வயது, வருமானம் என்று பிரிப்பது பழக்கத்தால் வருவது. கிரைண்டருக்கு அது அதிகம் உதவாது. வாரம் ஒருமுறை மொத்தமாக ஆட்டி ஃபிரிட்ஜில் வைப்பவர், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆட்டுபவர், வீட்டிலிருந்தே மாவு விற்பவர், தோள்வலியோ மணிக்கட்டு வலியோ உள்ளவர் என்று பிரித்தால் வேறுபாடு தெரியும். கிரைண்டரைத் தரையில் வைத்து ஆட்டுபவரும் மேடையில் வைத்து ஆட்டுபவரும் உடம்பை வளைக்கும் விதமே வேறு. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிரைண்டர் பெற்ற வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. கடையில் தேர்ந்தெடுத்து வாங்காத பொருளோடு மனிதர்கள் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம். வாங்கியும் பயன்படுத்தாமல் பரணில் ஏற்றிவிட்டவர் ஒருவராவது பட்டியலில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டாவரும் 1993-ல் வெளியிட்ட கணக்கை. அதன்படி ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்காட்டுவார். 5 பேரைச் சோதித்தால் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும். இது கணினி இடைமுகங்களைச் சோதித்துக் கிடைத்த சராசரி. சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் பொருந்தும். எத்தனை சதவீதம் பேருக்குப் பச்சை நிறம் பிடிக்கும் என்று சொல்ல 5 பேர் போதவே போதாது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து பேர் என்று தொடங்கி, புதிதாக எதுவும் தென்படாதபோது நிறுத்துவது நடைமுறைக்கு ஏற்றது.

*தவிர்க்க வேண்டியவர்கள்:* உறவினர்கள், நிறுவன ஊழியர்களின் வீட்டார், டீலர் தானாகவே அழைத்துவரும் "நல்ல கஸ்டமர்கள்". மூவருமே புகழத்தான் செய்வார்கள்.

கேள்விகளைத் தயாரித்தல்

கருத்தைக் கேட்கக் கூடாது. நடந்ததைக் கேட்க வேண்டும். நேர்காணல் உத்தியில் தொண்ணூறு பங்கு இதற்குள் அடங்கிவிடும்.

"இந்தக் கிரைண்டர் கழுவ ஈஸியா இருக்குதுங்களா?" என்று கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்குது, குறைன்னு ஒண்ணும் இல்லீங்க" என்ற பதில்தான் வரும். வீடு தேடி வந்தவரின் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை அது. அதை ஆதாரமாக எழுதிக்கொள்வது ஏமாற்று. மாறாக, "கடைசியா மாவாட்டினது என்னைக்குங்க? மாவை வழிச்சதுக்கு அப்புறம் என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று கேட்டால், கல்லை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டதும், டிரம்மைத் தூக்கிச் சாய்க்க மகனைக் கூப்பிட்டதும் தானாக வெளிவரும்.

"இந்த வசதி வந்தா வாங்குவீங்களா?", "எவ்வளவு கொடுப்பீங்க?" போன்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலை நம்பி அச்சு செய்யக் கூடாது. கடைசியாக ரிப்பேருக்கு எவ்வளவு செலவானது, எத்தனை நாள் கிரைண்டர் இல்லாமல் சமாளித்தார், அப்போது கடை மாவு வாங்கினாரா என்று கேட்டால் உண்மையான மதிப்பு தெரியும்.

கேள்விப் பட்டியலை ஒருவரிடம் ஒத்திகை பார்த்துவிட்டே வெளியே எடுத்துப் போக வேண்டும். எழுத்தில் சரியாகத் தோன்றும் கேள்வி வாயில் வரும்போது நீண்டு முறுக்கிக்கொள்ளும்.

ஒப்புதலும் தனியுரிமையும்

பெயர், குரல், படம் எதைப் பதிவு செய்தாலும் முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இதற்கு அடிப்படை. எதற்காகத் தகவல் எடுக்கப்படுகிறது என்று தெளிவாகச் சொல்வது, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி வைப்பது, 18 வயது நிறையாதவரின் தகவலானால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெறுவது ஆகியவற்றை அச்சட்டம் கேட்கிறது.

ஒப்புதல் தாள் ஒரு பக்கத்துக்குள், பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். படிக்கச் சங்கடப்படுபவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். படம் எடுத்தால் கையும் பொருளும் போதும், முகம் வேண்டாம். சுவரில் ஒட்டிய போன் எண்கள், மேடையில் கிடக்கும் ரேஷன் கார்டு, பின்னால் நிற்கும் குழந்தை எதுவும் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நேரத்துக்கான தொகையை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. கடைசியில் கொடுத்தால், அதுவரை பேசுவதெல்லாம் அந்தக் கவரைப் பார்த்துப் பேசுவதாகிவிடும்.

வீட்டில்: படிப்படியாக

1. *நாளைத் தேர்ந்தெடுத்தல்.* அந்த வீட்டில் மாவாட்டும் நாளைக் கேட்டு அன்றைக்கே போக வேண்டும். அரிசி மணிக்கணக்கில் ஊற வேண்டும் என்பதால் "இப்பவே கொஞ்சம் ஆட்டிக் காட்டுங்க" என்பது நடக்காது. ஊறாத அரிசியைப் போட்டுக் காட்டினால் அது நாடகம்.

2. *இருவராகப் போதல்.* ஒருவர் பேச, மற்றவர் எழுத. சமையலறைக்குள் போகும் ஆய்வுக்கு இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது இரு தரப்புக்கும் நிம்மதி. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பது அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. *அறிமுகம்.* "சோதனை மிஷினுக்குத்தானுங்க, உங்களுக்கில்லை. குறை சொன்னா எங்களுக்கு உதவி" என்று சொல்லித் தொடங்கலாம். கிரைண்டரை வடிவமைத்தவர் தாமே என்று சொல்லக் கூடாது. சொன்ன மறுகணமே குறை சொல்வது நின்றுவிடும்.

4. *யார் பேசுகிறார் என்று பார்த்தல்.* வாங்கியவர் கணவர், ஆட்டுபவர் மருமகள், பதில் சொல்பவர் மாமியார் என்று அமைவது சாதாரணம். மாமியாரைத் தடுப்பது மரியாதையல்ல. அவர் சொல்வதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, "இப்ப அக்கா ஆட்டறதைக் கொஞ்சம் பக்கத்துல நின்னு பார்த்துக்கறோம்மா" என்று சமையலறைக்கு நகர்ந்துவிட வேண்டும்.

5. *வாயை மூடிக்கொண்டு பார்த்தல்.* உளுந்து போடுவது முதல் கழுவிக் கவிழ்ப்பது வரை முழுதும் பார்க்க வேண்டும். மாவு ஆட்டும் நேரம் நீளமானது. பாதியில் பேச்சுக்கொடுத்து நேரத்தை ஓட்டத் தோன்றும். அப்போதுதான், ஓடும் டிரம்முக்குள் விரலால் மாவைத் தொட்டு நைசு பார்ப்பதும், மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் தெளிப்பதும் கண்ணில் படாமல் போகும். தவறான பட்டனை அழுத்தினாலும் திருத்தக் கூடாது.

6. *கடைசிப் பத்து நிமிடத்தைக் கவனித்தல்.* கிரைண்டரில் விஷயம் இருப்பது ஆட்டுவதில் அல்ல. ஆட்டி முடித்த பிறகுதான். உருளைக் கற்களைத் தூக்கியதும் மாவு சொட்டும். அவற்றை எங்கே வைப்பது என்று கை ஒரு கணம் தயங்கும். தட்டைத் தேடும் கண், கல்லை ஒரு கையில் தாங்கி மறு கையால் வழிக்கும் விதம், டிரம்மைத் தூக்கும்போது இடுப்பில் அணைத்துக்கொள்வது, கழுவிய தண்ணீர் அடிப்பெட்டிக்குள் இறங்குவது எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கின்றன.

7. *முடிந்ததும் கேட்டல்.* "கல்லை எடுத்துட்டு ஒரு நிமிஷம் நின்னீங்களே, அப்ப என்ன யோசிச்சீங்க?" என்று பார்த்ததை வைத்தே கேட்க வேண்டும். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் சும்மா இருந்தால், முக்கியமானது இரண்டாவதாக வரும்.

8. *சுற்றுப்புறம்.* பிளக் பாயின்ட் எங்கே, ஒயர் எட்டுகிறதா, அடியில் எதையாவது மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார்களா, கூடவே வந்த தேங்காய் துருவியும் மாவு பிசையும் கத்தியும் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்தனவா என்று பார்க்க வேண்டும். துணியைச் சுற்றிய கைப்பிடியும் கயிறு கட்டிய மூடியும் பயனரே செய்துகொண்ட வடிவமைப்புத் திருத்தங்கள். படம் எடுக்க வேண்டிய முதல் பொருள் அவைதான்.

*பாதுகாப்பு:* குறுக்கிடக் கூடாது என்ற விதிக்கு ஒரே விலக்கு ஆபத்து. ஈரக்கை சுவிட்சுக்குப் போனாலோ, சேலைத் தலைப்போ தலைமுடியோ ஓடும் டிரம்மை நெருங்கினாலோ, குழந்தை விரலை நீட்டினாலோ உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆய்வு கெட்டால் கெடட்டும். அந்த நிகழ்ச்சியே பிறகு பட்டியலின் தலையில் வரும்.

குறிப்பெடுத்தல்

தாளை நேரம், செய்தது, சொன்னது என்று மூன்று பத்தியாகப் பிரித்தால் போதும். செய்ததில் தீர்ப்பு கலக்கக் கூடாது. "டிரம்மைத் தூக்கச் சிரமப்பட்டார்" என்பது தீர்ப்பு. "டிரம்மைப் பாதி தூக்கி, மேடை விளிம்பில் சாய்த்து, கையைத் துடைத்துவிட்டு மறுபடி தூக்கினார்" என்பதுதான் குறிப்பு. சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். எழுத்துத் தமிழாக்கினால் உயிர் போய்விடும். வீட்டை விட்டு வந்ததும், அடுத்த வீட்டுக்குப் போகும் முன், டீக்கடையில் உட்கார்ந்தாவது இருவரும் குறிப்பை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் என்று விட்டால் இரண்டு வீடுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

குறிப்பிலிருந்து முடிவுக்கு

ஒரு சீட்டில் ஒரு கவனிப்பு என்று எழுதி, மூலையில் வீட்டின் எண்ணைக் குறித்து, சுவரில் ஒட்டிக் குவியல்களாக்குவது எளிய வழி. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிட்டா உருவாக்கிய முறை இது. "எடை", "சத்தம்", "சுத்தம்" என்று தலைப்புகளை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுச் சீட்டுகளை அவற்றுக்குள் திணிப்பது பொதுவான தவறு. சீட்டுகள் சேர்ந்த பிறகே தலைப்பு வைக்க வேண்டும். அப்படிச் செய்தால், எடை பற்றியதென்று நினைத்த பல சீட்டுகள் உண்மையில் "சொட்டும் கல்லை வைக்க இடமில்லை" என்ற குவியலுக்குப் போவது தெரியவரலாம். கல்லை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் டிரம்மைத் தூக்குபவருக்குத்தான் டிரம் கனக்கிறது என்றால், எடையைக் குறைக்கத் தேவையே இல்லாமல், மூடியையே கல் தாங்கும் தட்டாக மாற்றினால் வேலை முடியும்.

வரிசைப்படுத்தும்போது எத்தனை வீட்டில் நடந்தது என்பதோடு, நடந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். சத்தம் பல வீடுகளில் எரிச்சலாக இருக்கலாம். அடிப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது ஒரே வீட்டில் என்றாலும் அதுதான் முதலிடம்.

பொருந்தாத சீட்டுகளைக் கிழித்துப் போடக் கூடாது. அவற்றைத் தனியே ஒட்டி வைத்தால் அடுத்த சுற்றுக்குக் கேள்வி கிடைக்கும்.

மாதிரியைச் சோதித்தல்

முதல் மாதிரி ஓட வேண்டியதில்லை. அட்டை, பிளைவுட், பழைய டிரம் கொண்டு செய்த உருவத்தில் மணலோ தண்ணீரோ நிரப்பி உண்மையான எடையைக் கொடுத்தால், தூக்குவது, சாய்ப்பது, கல்லை வைப்பது எல்லாவற்றையும் மின்சாரம் இல்லாமலே சோதிக்கலாம்.

1. வேலையைச் சொல்ல வேண்டும். வழியைச் சொல்லக் கூடாது. "இந்த நீலப் பிடியை இடது பக்கம் திருப்புங்க" என்றால் சோதனை அங்கேயே முடிந்தது. "மாவை இந்தப் பாத்திரத்துக்கு மாத்துங்க" என்பது போதும்.

2. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்கலாம். கூச்சப்படுபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பழகிய இருவரைச் சேர்ந்து செய்யச் சொன்னால் பேச்சு தானாக வரும்.

3. இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது பாதிப் பேருக்கு முதலாவதையும், மீதிப் பேருக்கு இரண்டாவதையும் முதலில் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரிசையில் தந்தால், இரண்டாவதாக வருவது பழக்கத்தாலேயே சுலபமாகத் தெரியும்.

4. "இது எப்படித் திறக்கும்?" என்று பயனர் கேட்டால், "நீங்க எப்படித் திறக்கும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

5. மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், மீதி ஆட்களை வீணாக்காமல் மாதிரியைத் திருத்திவிட்டுத் தொடரலாம்.

*ஓடும் மாதிரியானால்:* எர்த் இணைப்பும் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யும் உள்ள இடத்தில்தான், எலக்ட்ரீஷியன் சரிபார்த்த பிறகு, தொழிற்கூடத்திலேயே சோதிக்க வேண்டும். சான்று பெறாத இயந்திரத்தை யார் வீட்டிலும் விட்டுவிட்டு வரக் கூடாது. உணவுக்கு ஏற்றதென்று உறுதியாகாத பிளாஸ்டிக்கோ பெயின்டோ பட்ட மாவைச் சாப்பிட விடக் கூடாது. அரிசியும் உளுந்தும் நிறுவனத்தின் செலவு, மாவு குப்பைக்கு.

எண் வேண்டுமென்றால்

பழைய வடிவத்தையும் புதியதையும் ஒரே அளவுகோலில் வைக்க ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய 'சிஸ்டம் யூஸபிலிட்டி ஸ்கேல்' போதும். 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்களுக்குக் கொடுத்த எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படை வாக்கியங்களுக்கு 5-லிருந்து கொடுத்த எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பு வரும். 68-ஐச் சராசரியாகக் கொள்வது வழக்கம். அது சதவீதம் அல்ல. வாக்கியங்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக இருப்பதால் தமிழில் வாசிக்கும்போது குழப்பம் வரும். ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்லிக் காட்டிய பிறகே எண்ணைக் கேட்க வேண்டும். நாலைந்து பேரின் மதிப்பெண்ணை வைத்துப் பெரிதாக எதையும் நிலைநாட்ட முடியாது.

அறிக்கையும் அதற்குப் பின்னும்

அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முடிவுக்கும் பார்த்தது, அதன் காரணமாகக் கருதுவது, செய்ய வேண்டிய மாற்றம், பொறுப்பாளர் என்று நான்கு வரிகள். காரணம் ஊகமானால் ஊகம் என்றே எழுத வேண்டும். அச்சு செய்பவரையும் அசெம்பிளி பார்ப்பவரையும் ஒரு வீட்டுக்காவது முன்பே கூட்டிப் போயிருந்தால் அறிக்கையை விளக்கவே தேவையிருக்காது. சொட்டும் கல்லை அவர்களே பார்த்திருப்பார்கள்.

மாற்றிய கிரைண்டர் விற்பனைக்கு வந்த சில மாதங்களில், அதை வாங்கியவர்களில் சிலரின் வீட்டுக்கு மறுபடி மாவாட்டும் நாளில் போக வேண்டும். புதிய மூடித்தட்டில் கல் உட்கார்கிறதா, அல்லது அந்தத் தட்டில் வெங்காயம் காய்கிறதா என்று பார்த்து, முதல் பக்கத்தில் எழுதிய கேள்விகளுக்கு எதிரே குறிக்க வேண்டும். ஒப்புதல் தாளில் சொன்ன காலம் முடிந்ததும் குரல் பதிவுகளையும் படங்களையும் கணினி, போன், வாட்ஸ்அப் குழு மூன்றிலிருந்தும் அழித்து, அழித்த தேதியைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.